பாயில் படுத்துக் கற்கும் நிமிர்வு: பிலாட்டீஸ் ஆசிரியர் உண்மையில் என்ன கற்றுத்தருகிறார்?

நின்ற இடத்திலேயே வலது கையைச் சட்டென்று தோள் உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். கை மட்டும்தான் வேலை செய்தது என்று தோன்றும். ஆனால் தோள்பட்டைத் தசை இயங்குவதற்கு ஒரு கணம் முன்பே, வயிற்றின் உள்ளடுக்கில் இருக்கும் இன்னொரு தசை இறுகிவிட்டது. இடுப்பைச் சுற்றிக் குறுக்கே ஓடும் அந்தத் தசை, கை உயரும்போது உடம்பு தடுமாறாமல் இருக்க நடுவுடம்பை முன்கூட்டியே தயார் செய்கிறது. அதற்கு நாம் யாரும் உத்தரவு போடுவதில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும், பஸ் திடீரென்று பிரேக் போடும்போதும், படியில் கால் வைக்கும்போதும் இதே ஏற்பாடு சத்தமில்லாமல் நடந்துகொண்டே இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் ஆகிய இருவரும் 1996இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழ்முதுகு வலி உள்ளவர்கள் கையைத் தூக்கும்போது இந்தத் தசை தாமதமாக இயங்குகிறது என்று அவர்கள் கண்டார்கள். ஃபிஸியோதெரபி உலகத்தில் அது பெரிய அலையைக் கிளப்பியது. நடுவுடம்புத் தசைகளைக் குறிக்கும் 'கோர்' என்ற சொல் ஜிம்முக்கும் வீட்டுக்கும் வந்து சேர்ந்ததில் அந்த ஆய்வுக்கு நிறையப் பங்கு உண்டு. நடுவுடம்பைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு கைகால்களை மெதுவாக இயக்கும் பயிற்சி ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா என்று தேடியவர்களின் கண்ணில் பட்டது, நியூயார்க் நடனக்காரர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துகொண்டிருந்த பிலாட்டீஸ்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் பலர் 'பைலேட்ஸ்' என்கிறார்கள். அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர், பிலாட்டீஸ் என்பதுதான் சரியான உச்சரிப்பு.

ஜோசஃப் பிலாட்டீஸ் 1883 டிசம்பர் 9 அன்று ஜெர்மனியின் மான்ஷென்கிளாட்பாக்கில் பிறந்தார். சிறு வயதில் ஆஸ்துமாவும் எலும்பு மெலிவும் அவரைப் படுத்தின. நோஞ்சானாக இருந்த பையன் ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை என்று ஒன்றுவிடாமல் பழகித் தன் உடம்பைத் தானே செதுக்கிக்கொண்டார். முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு இங்கிலாந்துக்குப் போனார். போர் வெடித்ததும், ஜெர்மன்காரர் என்பதால் எதிரி நாட்டுக் குடிமகனாகக் காவலில் வைக்கப்பட்டார். ஐல் ஆஃப் மேன் தீவிலிருந்த நாக்கலோ முகாமில் ஆயிரக்கணக்கானவர்களோடு அவரும் அடைபட்டுக் கிடந்தார். படுக்கையில் கிடந்த நோயாளிகளுக்காகக் கட்டிலில் ஸ்பிரிங்குகளை மாட்டி, படுத்தபடியே கைகால்களை இழுக்க வைத்தார், அதிலிருந்துதான் அவருடைய கருவிகள் பிறந்தன என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அது எந்த அளவுக்கு நிஜமோ, ஸ்பிரிங்குகளோடு நகரும் பலகை கொண்ட அவருடைய ரிஃபார்மர் என்ற கருவியைப் பார்த்தால் அந்தக் கட்டிலின் சாயல் தெரியத்தான் செய்யும்.

1926இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அந்தப் பயணத்தில் சந்தித்த கிளாராதான் பிறகு அவருடைய வாழ்க்கைத் துணையானார். நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவில் இருவரும் சேர்ந்து ஸ்டூடியோ திறந்தார்கள். பக்கத்திலேயே நடனப் பயிற்சிக் கூடங்கள் இருந்தது அவர்களுடைய நல்ல காலம். பாலே உலகின் ஜார்ஜ் பாலன்சின், நவீன நடனத்தின் மார்த்தா கிரஹாம் போன்றவர்களின் குழுக்களிலிருந்து அடிபட்ட நடனக்காரர்கள் அங்கே வரத் தொடங்கினார்கள். தன் முறைக்கு ஜோசஃப் வைத்த பெயர் 'கன்ட்ராலஜி', அதாவது கட்டுப்பாட்டின் கலை. பாயில் செய்யும் 34 பயிற்சிகளைப் படங்களோடு விளக்கும் புத்தகம் 1945இல் வந்தது.

இந்த 34 என்ற எண்ணிக்கைதான் பிறகு வந்தவர்களில் பலரைக் குழப்பிவிட்டது. புத்தகத்தில் இருப்பது ஒரு பட்டியல். ஆனால் அந்த ஸ்டூடியோவில் நடந்தது வேறு. முழங்கால் போனவருக்கு ஒன்று, முதுகு பிடித்தவருக்கு ஒன்று, மார்பக அறுவை சிகிச்சைக்குப் பிறகு கையைத் தூக்க முடியாமல் வந்த நடனக் கலைஞர் ஈவ் ஜென்ட்ரிக்கு இன்னொன்று என்று ஆளுக்கு ஆள் மாற்றியே கொடுத்தார்கள். ஜோசஃபிடம் நேரடியாகக் கற்ற சீடர்களை இந்தத் துறையில் 'எல்டர்ஸ்' என்பார்கள், நம் மொழியில் மூத்தோர். அந்த மூத்தோர் ஒவ்வொருவரும் கற்பித்த பிலாட்டீஸ் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது. யார் சொல்வது அசல் என்று இன்றுவரை வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. எனக்குப் பட்டவரை எல்லோருமே அசலைத்தான் சொன்னார்கள். அவரவர் உடம்புக்குக் கிடைத்த பாடத்தைத்தானே அவரவரால் சொல்ல முடியும்?

சரி, நிமிர்வுக்கு வருவோம். பிலாட்டீஸ் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது நிமிர்ந்த முதுகுதான். இங்கே ஒரு விஷயத்தைத் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். ஜோசஃப் பிலாட்டீஸ் முதுகெலும்பைப் பற்றிச் சொன்னதில் ஒரு முக்கியமான பகுதி தவறு. பிறந்த குழந்தையின் முதுகு தட்டையாக இருப்பதுபோல் பெரியவர்களின் முதுகும் நேராக இருக்க வேண்டும் என்று அவர் நம்பினார். அவருடைய பழைய படங்களைப் பாருங்கள், முதுகின் ஒவ்வொரு அங்குலத்தையும் தரையோடு அழுத்தச் சொல்வார். உண்மையில், குழந்தை தலை தூக்கத் தொடங்கும்போது கழுத்தின் வளைவும், உட்கார்ந்து நிற்கத் தொடங்கும்போது கீழ்முதுகின் வளைவும் உருவாகின்றன. கழுத்தில் உள்வளைவு, மேல்முதுகில் வெளிவளைவு, இடுப்புக்கு மேலே மறுபடி உள்வளைவு. இந்த மூன்றும் சேர்ந்துதான் நம் எடையைச் சுமக்கின்றன. தட்டையாக்குவது முதுகுக்குச் செய்யும் உதவி இல்லை.

இன்றைய ஆசிரியர்களில் பெரும்பாலோர் இதைத் திருத்திக்கொண்டார்கள். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, இடுப்பெலும்பை முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்துப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் சிரமமில்லாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். 'நியூட்ரல்' என்று வகுப்பில் சொல்வது இதைத்தான். அப்போது கீழ்முதுகுக்கும் தரைக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கும். அது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். அந்த இடைவெளியை மாற்றாமல் ஒரு காலை மட்டும் தூக்கு என்பதுதான் அடுத்த பாடம். கேட்க ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். முதல் நாளில் பத்துப் பேரில் பெரும்பாலோருக்கு வராது. கால் எழும்போதே இடுப்பும் கூடவே உருளும், அல்லது விலா மேலே துருத்தும், அல்லது மூச்சு நின்றுவிடும்.

இங்கேதான் தரையின் அருமை புரியும். நிற்கும்போது நம் முதுகு எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கண்ணாடியில் பக்கவாட்டாகப் பார்க்கக் கழுத்தைத் திருப்பினாலே நிலை மாறிவிடும். தரையில் படுத்தால், முதுகு எங்கே தொடுகிறது, எங்கே விலகுகிறது, எந்தப் பக்கம் அழுத்தம் அதிகம் என்று தோலே சொல்லிவிடும். பாயில் படுக்கவைத்துத் தொடங்குவது சோம்பேறித்தனத்துக்கு இடம் கொடுப்பதற்காக இல்லை. நிற்கும்போது நம்மைத் தாங்கிப் பிடிக்கும் வேலையில் மும்முரமாக இருக்கும் தசைகளுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்து, பழக்கதோஷத்தைத் தனியே பிரித்துப் பார்க்கத்தான்.

பரதநாட்டியம் கற்றவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் திறக்க வேண்டும். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு மூட்டு அவ்வளவு திறக்காத மாணவி என்ன செய்வாள்? பாதத்தை மட்டும் வலுக்கட்டாயமாகத் திருப்பிவைத்து, முழங்காலை முறுக்கி, பின்புறத்தைத் தள்ளி, கீழ்முதுகை வளைத்து அரைமண்டி போலவே ஒன்றைக் காட்டிவிடுவாள். பார்வைக்கு வித்தியாசம் குறைவுதான், முழங்காலுக்கு நிறைய. பாலேயிலும் இதே சிக்கல் உண்டு. நியூயார்க் நடனக்காரர்கள் எட்டாவது அவென்யூவின் படியேறி வந்ததற்கு இதுபோன்ற காரணங்கள்தான். வடிவம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அந்த வடிவம் உடம்பின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்க்கத் தெரிந்த ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார்.

'கூன் போடாதே, நிமிர்ந்து உட்கார்' என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கட்டளை பலிக்காததற்குக் காரணம் பிள்ளைகளின் பிடிவாதம் இல்லை. நிமிர்வு என்பதை ஒரு விறைப்பான சிலை நிலையாக நினைத்துக்கொள்கிறோம். தோளைப் பின்னால் இழுத்து, மார்பைத் தள்ளி, இரண்டு நிமிடம் உட்கார முடியும், பிறகு தசை களைத்துவிடும். உட்காரும் விதத்துக்கும் முதுகு வலிக்கும் இருக்கும் தொடர்பும் நாம் நினைத்த அளவுக்கு நேரடியானது இல்லை. கூன் விழுந்து உட்காரும் எத்தனையோ பேருக்கு வலி கிடையாது, அட்டகாசமாக நிமிர்ந்து உட்காருபவர்களுக்கும் வலி வருகிறது. நீண்ட நேரம் ஒரே நிலையில் இருப்பது, அது எந்த நிலையாக இருந்தாலும், உடம்புக்குப் பிடிக்காத விஷயம். ஆகவே நல்ல பிலாட்டீஸ் வகுப்பு 'சரியான' ஒரே நிலையைத் திணிக்காது. முதுகைச் சுருட்டவும், நீட்டவும், பக்கவாட்டில் சாய்க்கவும், திருப்பவும் வழி திறந்துவிட்டு, வேண்டிய நேரத்தில் வேண்டிய நிலைக்குச் சிரமமில்லாமல் வந்து சேரப் பழக்கும். மேல்முதுகுத் தசைகளுக்குத் தாக்குப்பிடிக்கும் வலு வந்த பிறகு 'நிமிர்ந்து உட்கார்' என்று யாரும் சொல்லத் தேவை இருக்காது.

இதையெல்லாம் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? உண்மையான வித்தை இங்கேதான் இருக்கிறது, நான் அதிகம் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான். வகுப்புகளில் அதிகம் காதில் விழும் கட்டளை 'தொப்புளை முதுகெலும்போடு ஒட்டுங்கள்' என்பது. ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் ஆய்வு அந்தக் கட்டளைக்கு அறிவியல் முத்திரை கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. ஆனால் கட்டுரையின் முதல் பத்தியை நினைத்துப் பாருங்கள். அந்தத் தசை தானாக, நேரத்துக்கு, தேவையான அளவு மட்டும் இறுகியது. வகுப்பில் நாம் செய்வதோ, வேண்டுமென்று முழுப் பலத்தோடு வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிப்பது. இரண்டும் ஒன்றா? வலி வந்ததால் தசை தாமதமானதா, தசை தாமதமானதால் வலி வந்ததா என்பதற்கும் அந்த ஆய்வில் விடை இல்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கத்தைப் பல்லாண்டு ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில், ஒரே ஒரு உள்தசையைப் பிரித்தெடுத்து இழுப்பதால் முதுகு உறுதியாவதில்லை, நடுவுடம்பைச் சுற்றியுள்ள தசைகள் எல்லாம் சேர்ந்து அளவாக விறைக்க வேண்டும் என்று வாதிட்டார். வயிற்றை இழுத்துப் பிடித்த மாணவரின் முகத்தைப் பார்த்தாலே போதும். மூச்சு நின்றிருக்கும், கழுத்து நரம்பு புடைத்திருக்கும்.

இன்னொரு ஆராய்ச்சி மரபு ஆசிரியர்களுக்கு இதைவிடப் பயனுள்ளது. கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1998இல் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவி ஒன்றில் ஆட்களைப் பழக்கினார்கள். தங்கள் பாதத்தின் மேல் கவனம் வைக்கச் சொன்னவர்களைவிட, பாதத்துக்குக் கீழே இருந்த கருவியின் சக்கரங்கள் மேல் கவனம் வைக்கச் சொன்னவர்கள் நன்றாகக் கற்றார்கள். வித்தியாசம் சில அங்குலம்தான். ஆனால் கவனம் உடம்பை விட்டு வெளியே போனதும் உடம்பு தன் வேலையைத் தானே சரியாகச் செய்துகொண்டது. அதற்குப் பிறகு பல விளையாட்டுகளிலும் இது மறுபடி மறுபடி காணப்பட்டிருக்கிறது.

பிலாட்டீஸ் மரபு இதற்கு நேர் எதிர்த்திசையில் போகும் ஆபத்து உண்டு. எந்நேரமும் 'அந்தத் தசை, இந்தத் தசை' என்று உள்ளேயே பார்க்கச் சொன்னால் மாணவர் யோசித்து யோசித்தே விறைத்துப்போவார். நல்ல ஆசிரியர்கள் சொல்லை மாற்றுகிறார்கள். 'அடிவயிற்றை இறுக்குங்கள்' என்பதற்குப் பதில் 'உங்கள் இடுப்பின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கிறது, சிந்தாமல் காலைத் தூக்குங்கள்' என்கிறார்கள். 'தோளைக் கீழே இழுங்கள்' என்பதற்குப் பதில் 'விரல்நுனியால் எதிர்ச்சுவரைத் தொடப் பாருங்கள்.' 'முதுகை ஒவ்வொரு எலும்பாகத் தூக்குங்கள்' என்பது கொஞ்சம் நேரம் கழித்து 'பாயிலிருந்து ஸ்டிக்கரை உரிப்பதுபோல எழுந்திருங்கள்' என்று ஆகும். தண்ணீர் டம்ளர் என்றதும் எந்தத் தசை எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று உடம்பு தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். தொடக்கத்தில், ஒரு தசை எங்கே இருக்கிறது என்றே தெரியாத மாணவருக்கு, உள்நோக்கிய சொல்லும் தேவைதான். அங்கேயே தேங்கி நிற்கக் கூடாது.

மூச்சைச் சொல்லாமல் விட முடியாது. 'ஹண்ட்ரட்' என்ற புகழ்பெற்ற பயிற்சியில் படுத்தபடி தலையையும் தோளையும் தூக்கி, கால்களை நீட்டி, கைகளை மேலும் கீழுமாக நூறு முறை அடிப்பார்கள். ஐந்து அடிக்கு மூச்சு உள்ளே, ஐந்து அடிக்கு வெளியே. பாயில் இதுதான் முதல் பயிற்சி என்பதால் புதிதாக வருபவரையும் முதல் நாளே இதைச் செய்யவைக்கும் வகுப்புகள் இருக்கின்றன. அது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். கழுத்துக்கு வலு இல்லாதவருக்கு மறுநாள் கழுத்து பிடித்துக்கொள்ளும், அவர் திரும்ப வர மாட்டார். தலையைக் கீழே வைத்து, முழங்காலை மடக்கி, கையை மட்டும் அடிக்கச் சொல்லலாம். மூச்சு விலாக்களின் பக்கவாட்டில் குடைபோல் விரிகிறதா என்று மாணவரே உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம். அதுவும் அந்தப் பயிற்சிதான்.

அடுத்தது பேலன்ஸ். பிலாட்டீஸ் விளம்பரங்களில் தாராளமாகப் புழங்கும் சொல். நாம் விழாமல் நிற்பது மூன்று தகவல் வழிகளால்: கண், உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, பாதம் முதல் கழுத்து வரை தோலிலும் தசையிலும் மூட்டிலும் இருக்கும் உணர்விகள். மூளை இந்த மூன்றையும் கலந்து நொடிக்கு நொடி முடிவெடுக்கிறது. அசையாமல் நிற்கிறோம் என்று நினைக்கும்போதுகூட உடம்பு மெல்ல ஆடி ஆடித் திருத்திக்கொண்டுதான் இருக்கிறது. வயதாக ஆக மூன்று வழிகளுமே மங்கும். உலகம் முழுவதும் விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கு.

உடற்பயிற்சியால் இதைக் குறைக்க முடியும். 60 வயதுக்கு மேல் தங்கள் வீட்டில் வாழ்பவர்களை வைத்துச் செய்த 108 பரிசோதனைகளை அலசி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வு 2019இல் வந்தது. உடற்பயிற்சி, விழும் விகிதத்தைச் சுமார் 23 சதவீதம் குறைக்கிறது என்றது. பலன் அதிகம் தெளிவாகத் தெரிந்தது, நின்றபடி சமநிலைக்குச் சவால் விடும் பயிற்சிகளிலும் அன்றாட அசைவுகளைப் பழக்கும் பயிற்சிகளிலும்தான். இப்போது பிலாட்டீஸின் 34 பாய்ப் பயிற்சிகளைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலானவை படுத்தும் உட்கார்ந்தும் செய்பவை. படுத்தபடி வயிற்றுக்கு எவ்வளவு வலு வந்தாலும், இருட்டில் குளியலறைக்குப் போகும் பாட்டியின் கால் மிதியடியில் தடுக்கும்போது தேவைப்படும் அந்த ஓர் எட்டு, நின்று பழகாமல் வராது.

பேலன்ஸுக்காகப் பிலாட்டீஸ் கற்பிக்கும் ஆசிரியர் பாயோடு நிற்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். வகுப்பின் கடைசிப் பகுதியாவது எழுந்து நிற்பதாக இருக்க வேண்டும். வெறுங்காலோடு நின்று, பெருவிரல் அடி, சிறுவிரல் அடி, குதிகால் மூன்றிலும் எடை இருக்கிறதா என்று பார்ப்பது. சுவருக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நிற்பது, அது வந்த பிறகு தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்புவது. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. ரிஃபார்மர் இருந்தால் ஒரு கால் தரையில், ஒரு கால் நகரும் பலகையில் வைத்து, நடுவுடம்பு ஆடாமல் பலகையைப் பின்னால் தள்ளுவது. பாயில் கற்ற 'இடுப்பு உருளாமல் காலை அசை' என்ற அதே பாடம் இப்போது நிற்கும் நிலையில் திரும்ப வருகிறது.

ரிஃபார்மரைப் பற்றியும் கொஞ்சம். சட்டகத்துக்குள் சக்கரத்தில் ஓடும் பலகை, அதைப் பிடித்திழுக்கும் ஸ்பிரிங்குகள், கைக்கும் காலுக்கும் வார்கள். ஸ்பிரிங் கூடக் கூடக் கஷ்டம் கூடும் என்றுதான் முதலில் தோன்றும். படுத்துக் காலால் தள்ளும்போது அப்படித்தான். ஆனால் பலகை மேல் தண்டால் நிலையில் நின்று உடம்பைக் கட்டுக்குள் வைக்கும் பயிற்சியில் தலைகீழ்: ஸ்பிரிங்கைக் குறைத்தால்தான் பலகை வழுக்கிக்கொண்டு ஓடும், வயிறு தவிக்கும். அங்கே ஸ்பிரிங் சுமையாக இல்லாமல் ஊன்றுகோலாக இருக்கிறது. பலவீனமானவருக்கு எந்த இடத்தில் ஸ்பிரிங்கைக் கூட்ட வேண்டும், எந்த இடத்தில் குறைக்க வேண்டும் என்று தெரிவதற்கு ஆசிரியருக்கு வருடங்கள் பிடிக்கும். இப்போது நகரங்களில் முளைக்கும் வகுப்புகளில் பத்துப் பன்னிரண்டு ரிஃபார்மர்களை வரிசையாகப் போட்டு, மைக்கில் ஒருவர் எண்ணிக்கொண்டே போவதைப் பார்க்கிறேன். நல்ல வியர்வை வரும், அதுவும் நல்லதுதான். ஆனால் யாருடைய இடுப்பு உருளுகிறது என்று பார்க்க அங்கே கண்கள் போதாது.

எல்லோருக்கும் பிலாட்டீஸ் பாதுகாப்பானது என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்கள் விஷயத்தில். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் செய்து 1984இல் வெளியான ஓர் ஆய்வு, முதுகெலும்பில் எலும்பு அடர்த்தி குறையும் நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்) இருந்த 59 பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. முதுகை முன்னால் சுருட்டும் பயிற்சிகளை மட்டும் செய்தவர்களில் 89 சதவீதத்தினருக்கு மேலும் முதுகெலும்புகள் நசுங்கின. முதுகைப் பின்னால் நீட்டும் பயிற்சிகளைச் செய்தவர்களில் அது 16 சதவீதம். சிறிய ஆய்வுதான், பழசுதான். ஆனாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஒதுக்கித்தள்ள முடியாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு பாய்ப் பயிற்சிகளைப் பார்த்தால் கொஞ்சம் பதைக்கும். படுத்தபடி சுருண்டு எழுவது, பந்துபோல் உருள்வது, கால்களைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவது, உட்கார்ந்து குனிவது என்று முதல் பத்தில் பெரும்பாலும் முதுகை முன்னால் சுருட்டும் அசைவுகள்தான். ஜோசஃப் பிலாட்டீஸ் அவற்றை இளம் நடனக்காரர்களுக்கும் தன் போன்ற உடற்கட்டுக்காரர்களுக்கும் கொடுத்தபோது அது சிக்கலாக இருந்திருக்காது. அறுபது வயது அம்மாவுக்கு அதே வரிசையை அப்படியே கொடுப்பது விபரீதம். அவருக்குக் குப்புறப் படுத்து மார்பை லேசாகத் தூக்கும் பயிற்சி, நான்கு காலில் நின்று எதிரெதிர்க் கைகாலை நீட்டும் பயிற்சி, பாலம்போல் இடுப்பைத் தூக்குவது, அப்புறம் நின்று செய்பவை. கூனலுக்கும் இவைதான் உதவும். வகுப்பில் சேரும்போது எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா, முன்பு எலும்பு முறிந்ததுண்டா என்று கேட்காத ஆசிரியரிடம் அம்மாவை அனுப்பாதீர்கள்.

விளையாட்டு வீரர்களுக்கு என்ன கிடைக்கும்? நிறைய எதிர்பார்ப்போடு வருகிறார்கள். உடம்பு எதைப் பழகுகிறதோ அதில்தான் தேறும் என்பது பயிற்சியின் அடிப்படை விதி. வேகமாக ஓட வேகமாக ஓடித்தான் பழக வேண்டும், உயரத் தாவ கனமான எடையும் வெடிப்பான தாவலும் வேண்டும். பிலாட்டீஸில் இரண்டுமே குறைவு. ஸ்பிரிங் கொடுக்கும் எதிர்ப்பு, தோளில் பார்பெல் சுமந்து உட்கார்ந்து எழுவதற்கு ஈடாகாது. பிலாட்டீஸ் செய்தால் நூறு மீட்டர் நேரம் குறையும் என்று ஒருவர் உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம்.

ஆனால் அது தருவது வேறொன்று, அது சின்ன விஷயமும் இல்லை. வேகப்பந்து வீச்சாளரை எடுத்துக்கொள்வோம். முன்கால் ஊன்றும் கணத்தில் உடல் எடையின் பல மடங்கு விசை மேலேறி வருகிறது. அதே கணத்தில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திரும்புகிறது. வலக்கைப் பந்துவீச்சாளர்களுக்கு இடப்பக்கக் கீழ்முதுகு எலும்பில் அழுத்த விரிசல் வருவது இந்த விளையாட்டின் பழைய சாபம். 2019இல் பும்ராவுக்குக் கீழ்முதுகில் அப்படி ஒரு விரிசல் கண்டுபிடிக்கப்பட்டது நினைவிருக்கும். விரிசலுக்கு முதல் காரணம் எத்தனை ஓவர், எத்தனை நாள் இடைவெளி என்ற பளுக் கணக்குதான். அதை எந்தப் பயிற்சியும் மாற்றாது. ஆனால் கீழ்முதுகு எலும்புகள் ஐந்தும் சேர்ந்தும் கொஞ்சம்தான் திரும்பும், மேல்முதுகும் இடுப்பு மூட்டும் அதைவிட நன்றாகத் திரும்பக்கூடியவை. இந்த இரண்டும் இறுகிப்போன பையனின் உடம்பு, திரும்ப வேண்டிய மிச்சத்தைக் கீழ்முதுகிடம் கடன் கேட்கும். பக்கவாட்டில் உட்கார்ந்து மேல்முதுகை மட்டும் திருப்புவது, இடுப்பு அசையாமல் காலை வட்டமிடுவது போன்ற பிலாட்டீஸ் பாடங்கள் அந்தக் கடனைக் குறைக்கப் பார்க்கின்றன. ஆட்டப் பருவம் இல்லாத மாதங்களில் வாரம் இரண்டு நாள், எடைப் பயிற்சியோடு சேர்த்து என்றால் அதற்கு அருமையான இடம் உண்டு. முழங்கால் அறுவை சிகிச்சையிலிருந்து மீள்பவருக்கும் அப்படித்தான். ரிஃபார்மரில் காலடியில் ஒரு தட்டைப் பலகையை மாட்டிப் படுத்தபடியே தாவலாம், முழு உடல் எடையும் காலில் விழாமல் குதித்து இறங்கும் ஒழுங்கைத் திரும்பக் கற்கலாம்.

முதுகு வலிக்கும் இதே அளவில்தான் சொல்ல முடியும். 2015இல் வந்த காக்ரேன் ஆய்வு பத்துப் பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடப் பிலாட்டீஸ் வலியையும் முடக்கத்தையும் குறைப்பதாகத் தெரிகிறது, மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது. எனக்கு இது ஏமாற்றமாக இல்லை. தொடர்ந்து செய்யும் எந்த நல்ல பயிற்சியும் முதுகுக்கு உதவும், பிலாட்டீஸ் பிடித்திருந்தால் அதைத் தொடர்ந்து செய்வீர்கள்.

யார் கற்பிக்கலாம் என்ற கேள்விக்கு ஒரு நீதிமன்றக் கதை உண்டு. ஜோசஃப் இறந்து பல ஆண்டுகள் கழித்து 'பிலாட்டீஸ்' என்ற பெயர் வணிகச் சின்னமாகப் பதிவானது. அனுமதி இல்லாமல் அந்தப் பெயரைப் பயன்படுத்தியவர்கள் மேல் வழக்குகள் பாய்ந்தன. 2000 அக்டோபரில் நியூயார்க்கின் மத்திய நீதிமன்றம், யோகா, கராத்தே போல இதுவும் ஓர் உடற்பயிற்சி முறையின் பொதுப்பெயர், யாருக்கும் தனியுரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. உலகம் முழுக்கப் பிலாட்டீஸ் பரவியதற்கு அந்தத் தீர்ப்பு கதவைத் திறந்துவிட்டது. கூடவே, இரண்டு நாள் பயிலரங்கில் உட்கார்ந்து வந்தவரும், ஐந்நூறு மணி நேரம் கவனித்தும் உதவியும் பழகியவரும் ஒரே பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ளவும் வழி வந்தது. அதனால் சான்றிதழைவிட வகுப்பைப் பார்ப்பது நல்லது. ஆசிரியர் தானே செய்து காட்டிக்கொண்டிருக்கிறாரா, மாணவர்களைச் சுற்றி நடந்து பார்க்கிறாரா? பக்கத்துப் பாயில் இருப்பவருக்கும் உங்களுக்கும் ஒரே பயிற்சியில் வேறு வேறு மாற்றம் சொல்கிறாரா?

ஜோசஃப் 1967 அக்டோபரில் இறந்தார். அவருக்குப் பிறகும் கிளாரா அந்த ஸ்டூடியோவில் கற்பித்தார். கணவர் உரக்கப் பேசுபவர், சுருட்டுப் பிடிப்பவர், பொறுமை குறைந்தவர். கிளாரா அமைதியானவர். வலியோடு வந்தவர்களும் பலவீனமானவர்களும் அவரிடமே போய்ச் சேர்ந்தார்கள் என்றும், இருவரில் அவர்தான் சிறந்த ஆசிரியர் என்றும் அங்கே கற்ற பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். எதிரே இருப்பவரின் உடம்புக்கு ஏற்றபடி பயிற்சியை இறக்கியும் மாற்றியும் கொடுப்பது அவருடைய பழக்கம். இன்று தொடக்க வகுப்பில் முழங்காலை மடக்கவும், தலைக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வைக்கவும் சொல்லும் ஆசிரியர் செய்வதும் அதைத்தான்.